ஊமைத் தொட்டி

பூஞ்சைக்குப் பல் கிடையாது. அது தன் எச்சிலைத் துப்பும். எச்சில் பட்ட இடம் கரையும். கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. சோளத்தட்டையை மாடு தின்றால் பால் கிடைக்கும். பூஞ்சை தின்றால் சர்க்கரை கிடைக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் சாராயம், அந்தச் சாராயத்தை வண்டி குடித்தால் ஓடும். இப்படி ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வாய்க்குப் போகிற சங்கதியை நம்பித்தான் அந்தத் தொழிற்சாலையே நின்றது. வயலில் கொளுத்திவிடுகிற தட்டையையும் வைக்கோலையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து, நறுக்கி, நீராவியில் அவித்து, கூழாக்கித் தொட்டியில் விடுவார்கள். கூடவே ஈஸ்டையும் பூஞ்சையின் எச்சிலையும் ஊற்றுவார்கள். படித்தவர்கள் அந்த எச்சிலுக்கு நொதி என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் அது வெறும் 'தண்ணி'.

தண்ணியைத் தயாரிக்கிறவள் பூஞ்சையம்மா. வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ரொட்டியில் பச்சை பிடித்தால் நாமெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கிப் போடுவோம். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "அட, நல்லா வந்திருக்கே" என்பாள். தொழிற்சாலையின் பின்பக்கத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை அவளுடையது. உள்ளே கண்ணாடிக் குடுவைகள் ஓர் ஆட்டும் பலகையின் மேல் ராப்பகலாகக் குலுங்கிக்கொண்டிருக்கும். ஓரத்தில் ஆளுயர டிரம் ஒன்று. அறை முழுக்க மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசம். பிள்ளை வளர்ப்பதுபோல அவள் அதை வளர்த்தாள் என்று சொன்னால் மிகையில்லை. கெடுத்ததும் பிள்ளையைக் கெடுப்பதுபோலத்தான், செல்லம் கொடுத்து.

அந்த இடத்தில் 'மாப்பிள்ளை' என்று எல்லாரும் கூப்பிட்ட ஓர் இளைஞனும் இருந்தான். ஃபோர்மேன் முதல் வாசல் காவலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவன் பூஞ்சையம்மாவுக்குத்தான் மாப்பிள்ளை, ஒரே மகளைக் கட்டியவன். கல்யாணத்துக்கு முன்னால் அவனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவன், வாய் மட்டும் நீளம் என்று மகளிடம் கரித்துக் கொட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளே மேனேஜர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்று அவனைச் சேர்த்துவிட்டாள். தொட்டி காலியானதும் ஏணி வழியாக உள்ளே இறங்கி, சுவரிலும் தரையிலும் ஒட்டிய கசடைச் சுரண்டி எடுக்கும் வேலை. குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிகிற வேலைதான். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே செய்வான். காலப்போக்கில் அந்த நீள வாய் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது என்றாகிவிட்டது. மகளுக்கு இப்போது நிறைமாதம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

தொட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கூழில் சர்க்கரை பிறந்துவிட்டால் ஈஸ்ட் அதைத் தின்று பொங்கும். சுவரில் காதை வைத்தால், உள்ளே யாரோ வாய் கொப்பளிப்பதுபோலக் கேட்கும். 'தொட்டி பேசுது' என்பார்கள். எச்சில் சரியில்லாமல் தட்டை கரையவே இல்லையென்றால் சர்க்கரை ஏது, பொங்குவது ஏது? அதற்குப் பெயர் ஊமைத் தொட்டி. காதை வைத்துக் கேட்டு, ஊமை என்று தொட்டியில் சுண்ணக்கட்டியால் எழுதுகிற உரிமை பூஞ்சையம்மா ஒருத்திக்குத்தான். அவள் எழுதிவிட்டால், தொட்டிக்குள் கூழைக் கிண்டுகிற கலக்கியை நிறுத்திவிடுவார்கள். ஊமைக்கு எதற்கு மின்சாரச் செலவு?

பேசி முடித்த தொட்டியில் இறங்குவது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. ஈஸ்ட் சாராயத்தை மட்டுமா விடுகிறது? கூடவே ஒரு வாயுவையும் விடும். நாம் மூச்சில் வெளியே தள்ளுகிற அதே வாயுதான். காற்றைவிடக் கனம். தொட்டியைக் காலி செய்தாலும் அது போகாமல், தேங்கிய தண்ணீர்போல அடியிலேயே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதில் தலை முங்கினால் கத்தக்கூட நேரமிருக்காது. அதனால் பேசிய தொட்டிக்கு ஒரு பகல் முழுக்கக் காற்று ஊதுவார்கள், வாயுவை அளக்கிற மீட்டரை இறக்கிப் பார்ப்பார்கள், இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். ஊமைத் தொட்டிக்கு இதெல்லாம் கிடையாது. பொங்காத தொட்டியில் வாயு ஏது? மூடியைத் திற, ஏணியை வை, இறங்கு. இப்படித்தான் எப்போதும் செய்துவந்தார்கள், ஒன்றும் ஆனதில்லை.

அந்த வருஷம் அடுத்தடுத்து இரண்டு தொட்டிகள் ஊமையாகின. மூன்றாவதும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. பூஞ்சை பார்வைக்கு அமோகமாகத்தான் இருந்தது. வெள்ளைவெளேரென்று, பஞ்சுப் பொதிபோல. எந்தக் குறையும் சொல்ல முடியாது. பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது பளிச்சென்று உறைத்தது. குடுவை மாற்றி குடுவை, ஒவ்வொரு தலைமுறைக்கும் அவள் சர்க்கரைப் பாகையே ஊட்டி வந்திருந்தாள். சீக்கிரம் வளரட்டும், செழிப்பாக வரட்டும் என்கிற ஆசை. உட்கார்ந்த இடத்தில் சர்க்கரை கிடைத்தால் எந்தப் பூஞ்சை எச்சில் துப்பித் தட்டையைக் கரைக்கும்? தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறது, தடித்தாண்டவராயனாக. பேஸ்டும் நுரையுமாக அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

குளிர்பெட்டியின் அடியில், உலர்ந்த மணலில் கலந்து வைத்திருந்த பழைய வித்து கொஞ்சம் இருந்தது, சர்க்கரைப் பாகைப் பார்க்காத வித்து. அதை எடுத்து, வெறும் தட்டைத் தூளை மட்டும் போட்டுப் பட்டினியில் வளர்த்தாள். நோஞ்சானாக, அழுக்குப் பச்சையில் வளர்ந்தது. பார்க்கச் சகிக்காது. ஆனால் அது விட்ட எச்சில் இருக்கிறதே! துண்டுக் காகிதத்தைப் போட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் காணாமல் போயிற்று. டிரம் நிறைய அந்தப் புதுத் தண்ணி சேர்ந்ததும் அவள் மேனேஜரைத் தேடிக்கொண்டு ஓடினாள். மறுநாள் விடுமுறை. அவர் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்.

"மூணாவது தொட்டி என்னாச்சும்மா?" என்றார் அவள் வாயைத் திறப்பதற்குள்.

"ஊமைதான் சார். ஆனா தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன். புதுத் தண்ணி..."

"எழுதிட்டீங்களா?"

"காலையிலயே எழுதிட்டேன் சார். நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இங்க பாருங்கம்மா, எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. இனிமே தண்ணியை வெளியில இருந்து பேரல்ல வாங்கிக்கலாமாம். உங்க ரூம் இந்த மாசத்தோட சரி. உங்க சிபாரிசுல வந்தவங்களும்..." வாக்கியத்தை முடிக்காமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "லீவு முடிஞ்சு வந்ததும் மூணாவதைக் காலி பண்ணிச் சுரண்டிடச் சொல்லியிருக்கேன். பேரல் வர்றதுக்குள்ள தொட்டி ரெடியா இருக்கணும்."

அவள் தலையில் கல்லைப் போட்டதுபோல நின்றாள். அவள் வேலையும் போகிறது, மாப்பிள்ளை வேலையும் போகிறது, ஒரே நாளில். வீட்டில் மகள் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறாள். இந்த வயதில் பூஞ்சை வளர்க்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது?

சாயங்காலம் ஆட்கள் கைகால் கழுவிக் கலைகிற நேரத்தில் அவள் கிளம்பவில்லை. புதுத் தண்ணியைக் கேன் கேனாகச் சுமந்து மூன்றாவது தொட்டியின் உச்சிக்கு ஏறி, மூடியைத் திறந்து ஊற்றினாள். டிரம் காலியாகும்வரை ஊற்றினாள். கீழே இறங்கிக் கலக்கியைச் சற்று நேரம் ஓடவிட்டு, சுழலும் சத்தம் யார் காதிலும் விழுவதற்குள் நிறுத்தினாள். தொட்டி பேசிவிட்டால், மேனேஜரின் காதைப் பிடித்து இழுத்துவந்து சுவரில் வைத்துக் கேட்கச் செய்வது என்று திட்டம். பேசாவிட்டால்? புதுத் தண்ணியும் மண்ணைக் கவ்வியது என்று அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஜெயித்தால் தண்டோரா போடலாம், தோற்றால் மென்று முழுங்கிவிடலாம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. சுண்ணக்கட்டி எழுத்தையும் அழிக்கவில்லை.

விடுமுறை நாளில் அவள் கால் தரையில் பாவவில்லை. தானாகச் சிரித்தாள். மகளின் வீங்கிய பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"என்ன அத்தை, இன்னிக்கு முகத்துல ஒரே வெளிச்சம்? உங்க பூஞ்சை ஏதாவது பேசுச்சா?" என்றான் மாப்பிள்ளை.

"பேசும் மாப்ளே, பேசும். பொறுத்திருந்து பாருங்க."

"பொண்ணு பொறந்தா அந்தப் பூஞ்சையோட இங்கிலீஷ் பேரையே வெச்சுரலாம்டீ," என்றான் மனைவியிடம். "பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு வாய் சுளுக்கிக்கும்."

"நீ பேசாம இரு, சிரிச்சா வயிறு வலிக்குது," என்றாள் மகள்.

வேலைநாள் காலையில் அவள் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். நேராக மூன்றாவது தொட்டிக்குப் போய்ச் சுவரில் காதை வைத்தாள். சத்தமில்லை. இடம் மாற்றி வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

இத்தனை வருஷமாக அவள் காது கேட்டதெல்லாம் கலக்கி ஓடுகிற தொட்டிகளைத்தான். கலக்கினால்தான் குமிழி உடைந்து சத்தம் போடும். கலக்காமல் விட்டால் தட்டைக் கூழ் மேலே ஏடு கட்டிக்கொள்ளும், சோற்றுப் பானைக்குத் தட்டு மூடியதுபோல. அடியில் அது பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருக்கும், வாயு ஏட்டின் விரிசல் வழியாகச் சத்தமில்லாமல் கசிந்து மேலே சேரும். தண்ணி ஊற்றி ஓர் இரவும் ஒரு பகலும் இன்னோர் இரவும் தொட்டி அப்படித்தான் பேசியிருக்கிறது. வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான். ஊமை என்று எழுதிய பிறகு ஒரு தொட்டிக்கு உயிர் கொடுத்தவர் இதுவரை யாருமில்லை. அதனால் இது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

ஃபோர்மேனும் மேனேஜரும் வந்தார்கள். ஃபோர்மேன் தொட்டியின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறக்கப் போனார்.

"சார், இன்னும் ஒரு நாள் விட்டுப் பாக்கலாமே," என்றாள்.

"எதுக்கு?" என்றார் மேனேஜர்.

அந்த 'எதுக்கு'வுக்கு அவளிடம் பதில் இருந்தது. புதுசா தண்ணி ஊத்தியிருக்கேன் சார், சொல்லாம ஊத்திட்டேன். சொல்லியிருந்தால் மேனேஜர் கத்தியிருப்பார், கலக்கியை ஓட்டிப் பார்த்திருப்பார்கள், குறைந்தபட்சம் மீட்டரையாவது இறக்கியிருப்பார்கள். ஆனால் இப்போதுதானே காதை வைத்துக் கேட்டாள்? அதுவும் தோற்றுவிட்டதே? கையும் களவுமாக, அதுவும் தோல்வியோடு, எப்படிப் போய் நிற்பது?

"சும்மாதான் சார்," என்றாள்.

"சும்மான்னா கூழை எறக்கிடுங்க," என்றார் மேனேஜர் ஃபோர்மேனிடம்.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த ஒரு வார்த்தையை விழுங்கியதற்காக அவளை வைய வேண்டும் என்று வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் தோற்றதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்கு நாக்கு எழும்பும்?

முற்பகல் முழுக்கக் கூழ் பின்பக்கக் குழிக்கு ஓடியது. அதில் சாராய வாடை இருந்திருக்கும், சந்தேகமில்லை. அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களின் மூக்குகள் அந்த வாடைக்கு எப்போதோ செத்துப்போயிருந்தன. கூழ் இறங்க இறங்க, அதன் மேல் கிடந்த வாயுவும் கூடவே இறங்கி அடியில் படுத்துக்கொண்டது.

மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு, சுரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். போகிற வழியில் பூஞ்சை அறைக் கதவில் தலையை நீட்டினான். அவள் கழுவிய குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மூணாவதுல எறங்கப் போறேன். ஊமைதானே?"

"ஊமைதான் மாப்ளே."

"என்ன குரலே சரியில்ல? நேத்து இருந்த வெளிச்சம் எங்க?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க, சேந்தே வீட்டுக்குப் போகலாம்."

அவன் பாடிக்கொண்டே போனான். ஏணியில் இறங்கும்போதும் பாட்டு கேட்டது என்று ஃபோர்மேன் பிற்பாடு சொன்னார். பாதி ஏணியில் நின்றது. களைப்பில் நிறுத்தியிருப்பான் என்று நினைத்தாராம். பிறகு சுரண்டி தரையில் விழுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் குப்புறக் கிடக்கிறான், கசடில் முகம் பதிந்து.

ஃபோர்மேன் அனுபவசாலி. இறங்கப் பாய்ந்த இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்து நிறுத்தினார். இல்லாவிட்டால் அன்றைக்கு மூன்று பிணம். காற்றூதியை இழுத்துவந்து மாட்டி, மூச்சுக் கவசத்தைத் தேடி எடுத்து ஒருவனை இறக்கிக் கயிறு கட்டி மேலே தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தரையில் கிடத்தினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. காதோரம் ஈரத் தட்டைத் தூள் ஒட்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பூஞ்சையம்மா அந்தத் தூளை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் கொன்னேன்! நான்தான் என் மாப்பிள்ளையைக் கொன்னுட்டேன்!" என்று அலறினாள்.

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெற்றவள், உற்றவள் எல்லாரும் அப்படித்தான் அழுவார்கள். வேலை வாங்கிக் கொடுத்தவள் வேறு. "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, அவன் விதி," என்று கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். வீட்டில் மகளும் அதையேதான் சொன்னாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுது அழுது தொண்டை கட்டிய குரலில், "வேலைதானேம்மா வாங்கிக் குடுத்தே, அது ஒரு தப்பா?" என்று தாயைத் தேற்றினாள். அந்தக் கை முதுகில் படப்பட பூஞ்சையம்மாவுக்கு உடம்பு கூசியது. அலறியபோது வந்த வார்த்தை, மகள் அமைதியாக எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். பிள்ளை பிறக்கட்டும் என்றுகூட நினைத்தாள்.

துக்கம் கேட்டு வந்தவர்கள் ஓய்ந்த பிறகு ஒரு பிற்பகலில் மேனேஜர் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் உள்ளறையில் படுத்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

"அந்தக் கூழை எடுத்துச் சோதிச்சுப் பாத்தோம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "நல்ல ஸ்பிரிட்டு. கலக்காமலே அவ்வளவு வந்திருக்கு. இதுக்கு முன்னாடி எந்தத் தொட்டியிலயும் வந்ததில்ல. உங்க டிரம்மும் காலியா இருந்துச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அவள் சாத்திய உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க, நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா, மீட்டர் எறக்காம ஆளை ஏன் எறக்கினீங்கன்னு எங்க கழுத்துக்கும் கத்தி வரும். மீட்டர் ரிப்பேர்னு சொல்லி முடிச்சாச்சு. நமக்குள்ளேயே இருக்கட்டும்." சற்றுத் தயங்கினார். அவர் பொல்லாத மனிதர் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னார். "இன்னொண்ணும்மா. பேரல் வேணாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. உங்க ரூமை மூட மாட்டாங்க. பெருசாக்கித் தர்றதாக்கூடப் பேச்சு. உங்க தண்ணி அப்படி வேலை செய்யுது."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தண்ணிம்மா?"

மேனேஜர் எழுந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

பூஞ்சையம்மா சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஊற்றியதை, சொல்லாமல் மறைத்ததை, காதை வைத்துக் கேட்டதை, மேனேஜர் எதுக்கு என்று கேட்டபோது சும்மா என்றதை. கடைசியில் அவன் அறை வாசலில் தலையை நீட்டிக் கேட்டதையும், தான் ஊமைதான் என்றதையும். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் மகள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

மகள் அடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினாள். பிறகு மேனேஜரைப் பார்த்தாள்.

"எங்கம்மா நாளைக்கே வேலைக்கு வருவாங்க சார்."

"இப்ப அவசரமில்லம்மா, மெதுவா..."

"நாளைக்கே வருவாங்க."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினார். மகள் சுவரைப் பிடித்தபடி வந்து அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"காலையில போயிட்டு இருட்டினப்புறம் வா. லீவு நாள்லயும் போ. பகல் வெளிச்சத்துல உன் முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால இந்த வீட்ல இருக்க முடியாதும்மா." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எங்கயாவது போயிடலாம்னா, உன்னை விட்டா எனக்குன்னு யாரு இருக்கா?"

பூஞ்சையம்மா தலையை ஆட்டினாள். மறுநாள் விடிந்ததும் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.